நிறுத்தத்துக்குப் போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிலர் இந்நேரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருக்கலாம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்? பெரும்பாலும் நடந்துதான் வந்திருப்பீர்கள். வழியில் எத்தனை முறை நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கினீர்கள்? எங்கே சாலையைக் கடந்தீர்கள்? இந்தக் கேள்விகளைத்தான் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். புதிய பஸ் வருகிறது, புதிய ரயில் பாதை வருகிறது என்று அறிவிக்கும்போதெல்லாம் எனக்குள் எழுவது ஒரே கேள்விதான்: அதுவரை கால் எப்படிப் போய்ச் சேரும்?

ஒரு மதிலின் கதையைச் சொல்கிறேன். நான் முன்பு குடியிருந்த தெரு ஒரு முட்டுச் சந்து. தெருவின் கடைசியில் ஆள் உயர மதில். அந்தப் பக்கம் யாரும் பயன்படுத்தாத சிறு நிலத்துண்டு, அதைத் தாண்டினால் பெரிய சாலை, சாலையோரத்தில் பஸ் நிறுத்தம். பஸ் கிளம்பும் சத்தம் எங்கள் சமையலறைவரை கேட்கும். ஆனால் நிறுத்தத்துக்குப் போக வேண்டுமானால் மூன்று தெருக்களைச் சுற்றிக்கொண்டு 1,100 மீட்டர் நடக்க வேண்டும். எனக்குப் பதினான்கு நிமிடம் ஆகும்.

மக்கள் என்ன செய்தார்கள்? யாரோ மதிலுக்கு இந்தப் பக்கம் இரண்டு கற்களைப் போட்டார்கள். அந்தப் பக்கம் யாரோ ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். காலையில் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள் முதலில் புத்தகப் பைகளை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக் குதிப்பார்கள். மதிலின் மேல்விளிம்பு ஓரிடத்தில் மட்டும் கையும் காலும் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. அதற்கு நேரே நிலத்தில் புல் தேய்ந்து ஓர் ஒற்றையடித் தடம் விழுந்திருந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு அந்த மதிலும் ஏற முடியாது, 1,100 மீட்டரும் நடக்க முடியாது. அவரைப் பொறுத்தவரை அந்த ஊரில் பஸ்ஸே ஓடவில்லை.

பிறகு போக்குவரத்துத் திட்டம் ஒன்று வந்தது. கருத்துக் கேட்கும் கூட்டத்தில் வரைபடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்தைச் சுற்றியும் 400 மீட்டருக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் பச்சை வண்ணம். பஸ் வசதி உண்டு என்று அதற்குப் பொருள். எங்கள் தெரு முழுக்கப் பச்சையாக இருந்தது! எழுந்து நின்று, என்னோடு ஒருமுறை நடந்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஓர் இளம் பொறியாளர் வந்தார். வெயிலில் அந்தச் சுற்றுவழி முழுவதையும் நடந்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி வந்து மதிலின் அந்த வழவழப்பான இடத்தில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு குறிப்பேட்டைத் திறந்தார்.

ஒன்றரை ஆண்டு கழித்து அந்த இடத்திலேயே மதிலை உடைத்து ஒரு வாசல் வைத்தார்கள். ஒன்றரை மீட்டர் அகலம், சிறிய சாய்தளம், ஒரு விளக்கு. அவ்வளவுதான். முதல் நாள் காலையில் அந்தப் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு நிறுத்தம்வரை போனார். பஸ் ஏறவில்லை. பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அந்த வட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 400 மீட்டர் என்பது நிமிடத்துக்கு 80 மீட்டர் வீதம் ஐந்து நிமிட நடை. பல நாடுகளில் திட்டமிடுபவர்கள் கையாளும் அளவு அது. அளவில் தவறில்லை, அதை ஆகாயத்தில் அளப்பதுதான் தவறு. காகம் பறக்கும், நாம் தெருவழியே போக வேண்டும். சதுரக் கட்டங்களாகத் தெருக்கள் அமைந்த ஒழுங்கான ஊரில்கூட, 400 மீட்டர் நடந்து எட்டக்கூடிய பரப்பு அந்த வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவுதான். முட்டுச் சந்துகளும் மதில்களும் நிறைந்த இடத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்.

வாசல் வந்துவிட்டது, நிறுத்தம் எட்டிவிட்டது. ஆனால் எந்தப் பக்கத்து நிறுத்தம்? போகும் பஸ் சாலையின் ஒரு பக்கம் நிற்கும், திரும்பி வரும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். எனவே பஸ்ஸில் போய்வருகிற ஒவ்வொருவரும் அந்தச் சாலையை ஒருமுறையாவது கடந்தே தீர வேண்டும், காலையில் இல்லாவிட்டால் மாலையில். நிறுத்தம் அமைப்பவர்கள் கடக்கும் இடத்தையும் சேர்த்தே அமைக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

சிக்னலில் பச்சை மனிதன் எவ்வளவு நேரம் தெரிகிறான்? நெடுங்காலமாகப் பல நாடுகளில் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துத்தான் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களின் நடையை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8. சாலை 16 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி கடக்கப் பதின்மூன்று வினாடி போதும். பாட்டிக்கு இருபது வினாடி வேண்டும். பதின்மூன்றாவது வினாடியில் அவர் சாலையின் மூன்றில் இரண்டு பங்கில்தான் இருப்பார், வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். அமெரிக்கா 2009இல் தன் கையேட்டில் இந்த வேகத்தை வினாடிக்கு 4 அடியிலிருந்து மூன்றரை அடியாகக் குறைத்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தது. முதியவர் தன் அட்டையை சிக்னல் கம்பத்துப் பெட்டியில் காட்டினால் பச்சை விளக்கு கூடுதலாகச் சில வினாடிகள் எரியும். சில வினாடிகள்தான். அந்தச் சில வினாடிகளை நம்பித்தான் ஒருவர் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்.

இதற்கெல்லாம் நடைமேம்பாலம் கட்டிவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆறு மீட்டர் உயரம் ஏற வேண்டுமென்றால், 15 சென்டிமீட்டர் படியாக நாற்பது படிகள். மறுபடியும் நாற்பது படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்தளம் போட்டால் ஏற 72 மீட்டர், இறங்க 72 மீட்டர். 16 மீட்டர் சாலையைக் கடக்க 144 மீட்டர்! விரைவுச் சாலையில் வேறு வழி இல்லாமல் போகலாம். ஊருக்குள் வண்டிதான் நிற்க வேண்டும். கடக்கும் இடத்தை நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கிவிட்டால் வண்டி தானாகவே வேகம் குறையும்.

பார்வையற்றவர்களுக்கான புடைப்புக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் ஒகயாமா நகரில் 1967இல் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை அவை. நீளக் கோடுகள் என்றால் போகலாம், புள்ளிகள் என்றால் நின்று கவனிக்க வேண்டும். காலால் படிக்கிற எழுத்து அது. அந்தக் கோடுகள் நேரே போய் ஒரு மின்கம்பத்தில் முடிவதையும் பார்த்திருக்கிறேன். பதித்தவர் ஒருமுறையாவது கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சைக்கிளைப் பற்றி நிறையப் பேச நினைத்து வந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நெதர்லாந்தில் குரோனிங்கன் என்றொரு நகரம். 1977இல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கார் நேராகப் போக முடியாது, வெளியே வட்டச்சாலைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் நேரே போகலாம். எங்கள் தெருவின் மதிலை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காருக்கு மதில் வைத்தார்கள், காலுக்கும் சைக்கிளுக்கும் வாசல் வைத்தார்கள்.

இன்னும் ஒன்று. 400 மீட்டர் நடக்கிற அதே ஐந்து நிமிடத்தில் சைக்கிளில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடலாம். ஆனால் போய் எங்கே விடுவது? அதே நாட்டில் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்த இடம் இருக்கிறது. எல்லா நிலையத்துக்கும் அவ்வளவு வேண்டியதில்லை. நுழைவாயிலுக்குப் பக்கத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில், மேலே ஒரு கூரை. சக்கரத்தை மட்டுமல்லாமல் சைக்கிளின் சட்டத்தையே சேர்த்துப் பூட்டும்படி வளைத்த இரும்புக் கம்பிகள். இரவில் விளக்கு. மற்றவற்றுக்கு நேரம் இல்லை. வணக்கம்.