ஆடிப் பண்டிகை முடிந்த வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் என் உளவியல் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் சிலர் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுவார்கள்: "மேடம், பொண்ணு அமெரிக்காவுல இருக்கா. அவ விசா கேஸுக்கு மனநல சர்டிபிகேட் வேணும்னு வக்கீல் சொல்றாராம். எவ்வளவு ஆகும்?" சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வரிசையில் இதையும் வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தாலுகா ஆபீஸ் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது.

போன வருடம் வந்த ஓர் அம்மாவும் இப்படித்தான் தொடங்கினார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மருமகனிடம் கிரீன் கார்டு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, இருக்கிறது. மகளை அடித்திருக்கிறார், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறார், "என்னை விட்டுப் போனா உனக்கு இங்க இடமே கிடையாது" என்று மிரட்டியிருக்கிறார். அந்த மிரட்டல் பொய். அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டப்படி, கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால், கொடுமைக்கு ஆளான மனைவி அங்கே தங்கும் உரிமைக்கு அவர் தயவே இல்லாமல் தானே மனுப் போடலாம். மனுப் போட்டதை அதிகாரிகள் கணவரிடம் சொல்லக் கூடாது. பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் என்று பெயர் இருந்தாலும், அடிபடும் கணவர்களுக்கும் அது பொருந்தும். ஆனால் கணவரே எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் இருந்தால் இந்த வழி திறக்காது, வக்கீல் வேறு வழி பார்க்க வேண்டும்.

சரி, இதில் உளவியலாளருக்கு என்ன வேலை? அங்கே உரிமம் பெற்ற ஒருவர் அந்தப் பெண்ணோடு மணிக்கணக்கில், பல சமயம் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து, பேசுவார். தூக்கம், பசி, கெட்ட கனவு, வளர்ந்த வீடு என எல்லாம் பேச்சில் வரும். கேள்வித்தாள்களும் உண்டு. மனச்சோர்வுக்கு அதிகம் பயன்படும் ஒன்றில் 9 கேள்விகள், கடைசி 2 வாரம் எப்படிப் போனது என்று கேட்கும், மதிப்பெண் 0 முதல் 27 வரை. கேட்டதையும் கண்டதையும் எழுதுவதே அவர் வேலை. பாதிப்பு இல்லையென்றால் இல்லை என்றுதான் எழுதுவார்.

சிக்கல் பேச்சிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பெண்ணிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். நெஞ்சை அடைக்குது, தலை பாரமா இருக்கு, சோறு இறங்க மாட்டேங்குது என்பாள். மொழிபெயர்ப்பவர் அவசரக்காரராக இருந்தால் அது நெஞ்சுவலியும் வயிற்றுக் கோளாறுமாக அறிக்கையில் ஏறிவிடும். அதற்காக உறவுக்காரரைக் கூட்டிப் போவது இன்னும் மோசம். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, படுக்கையறையில் நடந்ததை எந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள்?

இந்தப் பெண்ணிடம் முதலில் அடித்தது எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். "கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிஞ்ச வாரம்" என்றிருக்கிறாள். வக்கீல் தயாரித்த மனுவிலோ ஜூன் என்று இருந்தது. அதிகாரி கண்ணுக்கு இது முன்னுக்குப் பின் முரண். பயம் நினைவைத் துண்டு துண்டாக்கிவிடும். அவன் போட்டிருந்த சட்டையின் நிறம் நிற்கும், தேதி நிற்காது. அதை எடுத்துச் சொல்வதுதான் இந்த அறிக்கையின் பெரிய பயன் என்பேன்.

"டாக்டர்கிட்டயே போகலையே, அப்புறம் எப்படி நம்புவாங்க?" என்று அந்த அம்மா கேட்டார். நான் கந்தசாமி வழக்கைச் சொன்னேன். 2010இல் 17 வயதில் கனடா போன இலங்கைத் தமிழ் இளைஞர் அவர். அங்கே தங்க அனுமதி கேட்டபோது, இலங்கையில் நடந்தவை அவர் மனதைக் கடுமையாகப் பாதித்திருப்பதாக உளவியலாளர் அறிக்கை தந்தார். சிகிச்சை எடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்று அதிகாரி அதை ஒதுக்கினார். 2015 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அது நியாயமில்லை என்றது. நோயை ஏற்றுக்கொண்டு, மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டு அதைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்பது அதன் சாரம். அமெரிக்காவை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் வெட்கத்தில் வைத்தியமே பார்க்காத நம் வீடுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு.

இன்னொரு வகைக் கேஸும் உண்டு. விசா முடிந்து 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறினால் 3 வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம் திரும்ப நுழையத் தடை. விலக்கு கேட்கும்போது பார்க்கப்படுவது தடைபட்டவரின் மனநிலை அல்ல. அங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் மனைவி, கணவர் அல்லது பெற்றோர் பிரிந்திருந்தால் என்ன ஆவார், கூடவே சேலத்துக்கு வந்தால் என்ன ஆவார் என்பதுதான் கேள்வி. அப்படி ஒரு குடும்பம், "சேலத்தில் மனநல சிகிச்சையே கிடையாது" என்று கடிதம் கேட்டது. நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறதே, எப்படி எழுதுவேன்? கோபித்துக்கொண்டு போனார்கள். அங்கேயே பிறந்த, தமிழ் தெரியாத மருமகள் இங்கே வந்து யாரிடம் மனம்விட்டு அழுவாள் என்று எழுதச் சொல்லியிருந்தால், அது உண்மை. எழுதியிருப்பேன்.

அந்த அம்மாவிடம் திரும்புகிறேன். 1994 சட்டத்தில் நம்பத்தகுந்த எந்த ஆதாரத்தையும் கொடுக்கலாம். அதனால், மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சொந்தக்காரர்களிடம் "நல்லா இருக்கா" என்றே சொல்லி வந்தவர், கொஞ்சம் தயங்கித்தான் போனை நீட்டினார். மேலே தள்ளிக்கொண்டே போனோம். ஆகஸ்ட் 17, மத்தியானம் 1 மணி, அவளுக்கு அது நடுராத்திரி. 41 நொடி.

"அழுதுட்டே பேசியிருப்பா மேடம். இதை நான் முழுசா கேட்டதே இல்லை."