பென்ட்லண்ட் பிரபு: ஸ்காட்லாந்துக் குத்தகைச் சட்டத்திலிருந்து மதராஸ் வரை

[திரையில்: ஸ்காட்லாந்து வரைபடம்]

ஜான் சின்க்ளேர் 1860இல் பிறந்தவர். குதிரைப்படை அதிகாரியாக இருந்து லிபரல் கட்சி எம்.பி. ஆனார். 1905 டிசம்பரில் ஸ்காட்லாந்து விவகார அமைச்சர். 'பென்ட்லண்ட் பிரபு' பட்டம் 1909இல்தான் வந்தது.

அவர் பெயர் நிலைத்திருப்பது 1911ஆம் ஆண்டின் சிறு நிலக்காரர் சட்டத்தால். அதற்கு முந்தைய 1886 சட்டம் வடக்கு, மேற்கில் இருந்த 7 கவுண்டிகளின் (மாவட்டங்கள்) குத்தகைதாரர்களை மட்டுமே காத்தது. அதை ஸ்காட்லாந்து முழுவதற்கும் விரிக்க 1907, 1908 என இருமுறை முயன்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான, நிலச்சுவான்தார்கள் நிறைந்த பிரபுக்கள் சபை விடவில்லை. 1911 ஆகஸ்டில் அந்தச் சபையின் தடுப்பதிகாரம் குறைக்கப்பட்டது. டிசம்பரில் சட்டம் நிறைவேறியது.

[திரையில்: தகுதி அட்டவணை]

யாருக்குப் பாதுகாப்பு? குத்தகை ஆண்டுக்கு 50 பவுண்டைத் தாண்டக் கூடாது, அல்லது நிலம் 50 ஏக்கரைத் தாண்டக் கூடாது. குத்தகைதாரர் அந்த நிலத்திலோ 2 மைலுக்குள்ளோ குடியிருந்து, குடும்பத்தோடு பயிரிட வேண்டும். அப்படிப்பட்டவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. தொகையில் தகராறு வந்தால் நில நீதிமன்றம் 7 ஆண்டுகளுக்கு நியாயமான குத்தகையை நிர்ணயிக்கும்.

கோளாறு எங்கே? வடக்கில் வீட்டையும் கொட்டகையையும் குத்தகைதாரரே கட்டிக்கொள்வார். தெற்கில் கட்டித் தருவது பெரும்பாலும் நில உரிமையாளர். உரிமையாளர் கட்டித் தந்த நிலங்களில் இருந்தவர்களைச் சட்டம் குறைந்த உரிமையுள்ள இரண்டாம் வகையில் போட்டது. வடக்கின் வழக்கத்தை வைத்து எழுதிய சட்டம் தெற்கில் பாதி பலம்தான் தந்தது.

[திரையில்: மதராஸ்]

1912இல் மதராஸ் ஆளுநர். கணிதமேதை ராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகைக்கு ஒப்புதல் தந்தது இவருடைய அரசுதான். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார்.

சுயாட்சிக் கோரிக்கையில் அந்தப் பரிவைக் காணோம். 1916இல் அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையிடம் 2,000 ரூபாய் பிணைத்தொகை கேட்டது அரசு. பிறகு அதைப் பறிமுதல் செய்து 10,000 ரூபாய் கேட்டது. பத்திரிகை நிற்கவில்லை. 1917 ஜூனில் பெசன்ட், அவருடைய சகாக்கள் அருண்டேல், வாடியா மூவரையும் காவலில் வைக்க ஆணை, ஊட்டிக்கு அனுப்பப்பட்டார்கள். விசாரணை கிடையாது. 50 பவுண்டு குத்தகைக்காரருக்குக்கூட நீதிமன்றம் வேண்டுமென்று போராடியவர் இங்கே ஒரு கையெழுத்தில் முடித்துக்கொண்டார். இவருடைய வாழ்க்கையில் மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

கணக்கும் தவறியது. கைதுக்குப் பிறகு ஜின்னா, சுயாட்சி கேட்ட ஹோம் ரூல் லீகில் சேர்ந்தார். செப்டம்பரில் மூவரையும் விடுவிக்க வேண்டியதாயிற்று. டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை ஏற்றவர் அன்னி பெசன்ட்.

பென்ட்லண்ட் 1919இல் பதவியிலிருந்து போனார், 1925இல் இறந்தார். வேலூர் பென்ட்லண்ட் அரசு மருத்துவமனை இவர் பெயரைத் தாங்கியது.