நர்சம்மா தேடி வருகிற நாடு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இரண்டு நாட்டு வாழ்க்கையை ஒப்பிடச் சொன்னால், நம் பக்கத்தில் எடுத்த எடுப்பில் சம்பளத்தைத்தான் பேசுவார்கள். துபாயில் இவ்வளவு, சிங்கப்பூரில் இவ்வளவு என்று. கடையநல்லூர் போனாலும் திசையன்விளை போனாலும் இதே பேச்சுதான். நான் ராதாபுரம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணக்கு வேறு. ஒரு பெண் பிள்ளைத்தாச்சி ஆனால், அவளைத் தேடி வீட்டுக்கு யார் வருகிறார்கள்? இதைத்தான் நான் முதலில் கேட்பேன். அதனால் இன்றைக்கு துபாய் வேண்டாம். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் இருக்கிற இலங்கையைப் பார்ப்போம்.

1990-ல் அங்கே மறுபடியும் சண்டை மூண்டபோது, மன்னார்ப் பக்கத்துச் சனம் படகேறி வந்தது. எங்கள் பக்கத்து முகாமுக்கு எடை பார்க்கிற தராசோடு போயிருந்தேன். ஒரு தாய், இடுப்பில் கைப்பிள்ளை. நகை, பாத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்தாள். நான் ரேஷன் கார்டு மாதிரி ஏதோ என்று நினைத்தேன். பார்த்தால், பிள்ளையின் எடை அட்டை! மாதாமாதம் புள்ளி வைத்து, கோடு இழுத்து, தடுப்பூசித் தேதியெல்லாம் எழுதியிருந்தது. ஓரம்கூட நனையவில்லை. கடைசி ரெண்டு மாசத்துக்குத்தான் புள்ளி இல்லை. "மிஸ்ஸி, இதிலேயே எழுதுங்கோ. இஞ்ச வீட்டுக்கு எப்ப வருவியள்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை யோசித்துப் பாருங்கள். வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்கு ஆள் வருவது அவளுக்கு அவ்வளவு சாதாரணம். நான் அந்த அட்டையிலேயே புள்ளி வைத்தேன்.

இது ஒரு நாளில் வந்ததில்லை. 1926-லேயே களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் ஊர் ஊராகக் குடும்பநல மாதுவை, அதாவது வீடு தேடி வருகிற மருத்துவச்சியை, வைத்தார்கள், ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருத்தர். நம் பக்கத்துச் சமவெளியில் 5,000 பேருக்கு என்னைப் போல ஒரு கிராம செவிலியர். நடந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியும். 1930-களில் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மார் வரை செத்துப்போனார்கள். இப்போது 30-க்குப் பக்கம். தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி 54, இந்தியா முழுக்க 97. இதைச் செய்யத் தொடங்கியபோது அது பணக்கார நாடு இல்லை. காசு வரட்டும், பிறகு வைத்தியம் பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நாமும் சும்மா இருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி பகல் என்று பாராமல் பிரசவம் பார்க்கிறோம். 1987-லிருந்து முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித்தொகையும் இருக்கிறது. வலி கண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் என்பது இன்று நம் ஊரில் பழகிப்போன விஷயம்.

ஆனால் ஒன்று. சராசரியை மட்டும் பார்த்து ஒரு நாட்டைப் புகழக் கூடாது. நம் மண்ணிலிருந்து போன சனம்தான் அங்கே மலையில் தேயிலை பறித்தது. 1948-ல் அவர்களில் பெரும்பாலோருடைய குடியுரிமையைப் பறித்தார்கள். லயம் என்கிற வரிசை வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே கிடந்தது. ஊருக்குள் வந்த குடும்பநல மாது தோட்டத்துக்குள் வர வெகுகாலம் ஆனது. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானவர்களை இந்தப் பக்கம் அனுப்பினார்கள். அந்தத் தாய்மாரின் கணக்கையும் சேர்த்துத்தான் இலங்கையை எடைபோட வேண்டும்.

நேரம் முடியப் போகிறது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசத்தான் வந்தேன். 1945-ல் அவர்கள் இலவசக் கல்வி கொண்டுவந்தார்கள். 1956-ல் நம் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 2022-ல் அங்கே கடன் கட்ட முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. அதையும் விரிவாகச் சொல்ல வேண்டும், இன்றைக்கு முடியாது. வணக்கம்.