சீனித்துளசி டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள் மக்கா!

வணக்கம் மக்கா. இன்றைக்கு மரச்சீனிக் கிழங்கு அப்பளம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போது எனக்கு வருகிற கோபத்தில் அப்பளம் தானாகவே பொரிந்துவிடும்.

அத்தான் களியக்காவிளைக் கடையிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தார். இதோ பாருங்கள், முன்னால் பச்சை இலை, 'இயற்கை ஸ்டீவியா' என்று கொட்டை எழுத்து. நம் சீனித்துளசிதான். 199 ரூபாய். திருப்பினால் பொடி எழுத்தில் முதல் பெயரே டெக்ஸ்ட்ரோஸ். டெக்ஸ்ட்ரோஸ் என்றால் குளுக்கோஸ் மக்கா! 199 ரூபாய்க்கு குளுக்கோஸ்! அதே காசுக்குச் சந்தையில் நல்ல நேந்திரங்காயாவது வாங்கியிருக்கலாம்.

ஸ்டீவியாவிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்பு, சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். ஒரு பாக்கெட்டுக்கு அதில் இம்மியளவு போதும். மீதி இடத்தை டெக்ஸ்ட்ரோஸோ, உடம்புக்குள் குளுக்கோஸாகவே மாறுகிற மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொடியோ போட்டு நிரப்புகிறார்கள். நமக்கு அந்த ஒரு கிராம் ஒன்றும் செய்யாது. ஆனால் அக்கா மகனுக்கு?

அட, புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லவில்லையே. சின்னவனுக்கு வலிப்பு. மாத்திரைக்கு அடங்காததால் திருவனந்தபுரத்து டாக்டர் கீட்டோ உணவில் வைத்திருக்கிறார். உடம்பு இளைக்கிற கீட்டோ இல்லை. 1921-இலேயே அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்புக்காகவே கொண்டுவந்த முறை. 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே 1 கிராம். உடம்பு குளுக்கோஸை விட்டுக் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளை உண்டாக்கும். வலிப்பு ஏன் அடங்குகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன, அதை விடுங்கள். நடுவில் குளுக்கோஸ் புகுந்தால் கீட்டோன் இறங்கும், வலிப்பு திரும்பலாம். அக்கா தேங்காய்ப்பாலைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் ஊற்றுகிறாள். அந்தத் தராசுக்கு முன்னால் இந்த டப்பாவா? நல்லவேளை, அக்கா பிரிக்கும் முன்பே படித்துவிட்டாள்.

அப்புறம் பாறசாலையில் ஒரு மருந்துக்கடையில் ஸ்டீவியா சொட்டு கிடைத்தது. 385 ரூபாய்! கடைச் சேட்டனும் நானும் மொபைல் வெளிச்சத்தில் அந்தச் சீட்டை வரிவரியாகப் படித்தோம். தண்ணீர், ஸ்டீவியா சாறு, கெடாமல் இருக்க ஒரு பொருள். மால்டோ ஒன்றும் இல்லை. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. மூடிதான் சனியன், ஒரு சொட்டு கேட்டால் மூன்று விழுகிறது. 385 ரூபாய் வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல மூடி வைக்கத் தெரியாதா?

சொல்ல மறந்துவிட்டேன், டயட்டீஷியனிடம் கேட்காமல் சொட்டும் கொடுக்கவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார்: வலிப்பு மருந்து சிரப்பாக இருந்தால் அதிலும் சர்க்கரை இருக்கலாம், இருமல் மருந்திலும் பாருங்கள் என்று. அதற்குப் பிறகு அக்கா பற்பசை டியூபைக்கூட விடுவதில்லை.

போன வீடியோவின் கீழே, 'ஸ்டீவியா வலிப்பைக் குணமாக்குமா அக்கா?' என்று கேட்டவர்களுக்கு: இல்லை. அது இனிப்பு, மருந்து இல்லை. மாத்திரையை யாரும் நிறுத்தாதீர்கள். இலையிலிருந்து வந்தால் நல்லதுதானே என்றால், கற்பூரமும் மரத்திலிருந்துதான் வந்தது. அது வயிற்றுக்குள் போனால் வலிப்பு இல்லாத பிள்ளைக்கே வலிப்பு வரலாம். இலைப் படத்தைப் பார்த்து மயங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அத்தான் உட்பட.

கருப்பட்டி ஆகுமா என்கிறீர்களா? வழக்கமான சாப்பாடு சாப்பிடுகிறவர் வலிப்புக்காரர் என்பதாலேயே கருப்பட்டிக் காப்பியை விட வேண்டியதில்லை. ஆனால் அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது சர்க்கரைதான், கீட்டோப் பிள்ளைக்குக் கிட்டவே வரக்கூடாது.

சரி, சொட்டு போட்ட தேங்காய்ப்பால் பாயசம் சின்னவன் கிண்ணத்தில் இருக்கிறது. மூன்று சொட்டு விழுந்ததால் கொஞ்சம் கசக்கிறதாம். மூடியை மாற்ற அத்தானை அனுப்பியிருக்கிறேன், ரசீதோடு.