கருத்தரங்குக்கு வந்தவர்களுக்கு அரைநாள் கொடுங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் கருத்தரங்குக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் அழகப்பா பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்த ஆய்வகம் அது. 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்றைக்கும் பல மாநிலங்களிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். வந்து கட்டுரை படிக்கிறார்கள், சான்றிதழ் வாங்குகிறார்கள், ராத்திரி ரயில் ஏறிவிடுகிறார்கள். செட்டிநாடு வரை வந்தும் செட்டிநாட்டைப் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்கு மனசு கேட்பதில்லை.

அவர்களுக்கு அரைநாள் கிடைத்தால் போதும். ஆனால் அந்த அரைநாளில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் கோட்டை என்று எல்லாவற்றையும் வேனில் சுற்றிவரக் கிளம்பினால் ஒன்றும் மனதில் நிற்காது. கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் போதும் என்பேன். இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கானாடுகாத்தானில் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியே நின்று பார்க்கலாம். அப்புறம், உள்ளே விடுகிற ஒரு வீட்டைக் கேட்டறிந்து போங்கள். பல வீடுகள் பூட்டியே இருக்கும். குடும்பத்தார் கல்யாணம், காரியம் என்றால்தான் வருவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பணிவாகக் கேளுங்கள். திண்ணை, முகப்பு தாண்டினால் வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அப்படி ஒரு குடும்பத்தைப் ‘புள்ளி’ என்பார்கள். பர்மா தேக்குத் தூணை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், சரி. அதோடு சுவரையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளங்கைக்குச் சில்லென்றிருக்கும்.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிற பட்டறைக்குள் கட்டாயம் போக வேண்டும். ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஒரு நிறம் ஊற்றுகிறார்கள். சிமெண்டில் கலந்த மஞ்சள், சிவப்பு, பச்சை. பிறகு அச்சை நேராக மேலே தூக்கிவிடுகிறார்கள். கை கொஞ்சம் ஆடினாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆடுவதே இல்லை. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்புறக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியைப் பிரித்ததும் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். பொறியியல் பேராசிரியர்களை அங்கே கூட்டிப்போனால் கேள்விகேட்டு ஓய மாட்டார்கள்.

இனி சாப்பாடு. இதில் ஏற்பாட்டாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கருத்தரங்கு மதியச் சாப்பாடு என்றால் எங்கும் ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், பனீர். இதற்கா ஒருவர் காரைக்குடி வர வேண்டும்? ஊர் ஊராகப் பலகையில் ‘செட்டிநாடு சிக்கன்’ என்று எழுதி, காரத்தை அள்ளிக் கொட்டி, நம் சமையலென்றாலே காரம்தான் என்று நினைக்கவைத்துவிட்டார்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் அளவோடு வறுத்து அரைத்த மசாலாவில் காரம் முன்னால் வந்து நிற்காது, வாசனைதான் வரும். இதை வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து சாப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சைவத்துக்கும் குறைவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைக்கிற வெண்டைக்காய் மண்டி, இடியாப்பத்துக்குக் கத்திரிக்காய் கோசமல்லி, இனிப்புக்குக் கவுனி அரிசி. வெள்ளைப் பணியாரத்துக்கு ஆச்சிமார் சொல்கிற அளவைக் கேளுங்கள்: பச்சரிசியைத் தலை தட்டி ஓர் ஆழாக்கு எடுத்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குவித்தால் அதுதான் கணக்கு. மாவை வெண்ணெய் போல ஆட்டி எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால், ஓரம் மெல்லிசாகவும் நடு மெத்தென்றும் எழும்பி வரும். நிறம் மாறாமல் வெள்ளையாக எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். தேநீர் இடைவேளையில் பிஸ்கட்டுக்குப் பதில் இதை வையுங்களேன். வெளியூர்க்காரர் ஒருவர்கூட அரங்குக்கு நேரத்தோடு திரும்ப மாட்டார், அது ஒன்றுதான் சிரமம்.

சாயங்காலம் நேரமிருந்தால் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். தமிழ் ஆய்வாளர்கள் கோட்டையூருக்கும் ஒரு நடை போய்வரலாம். ரோஜா முத்தையா தனி ஆளாக நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஊர் அது. அந்தத் தொகுப்பு இப்போது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டு விருந்துச் சாப்பாடு வேண்டுமென்றால் போன உடனே கிடைக்கும் என்று எண்ணாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கவுனி அரிசி இரவெல்லாம் ஊற வேண்டும். ஊருக்கு எடுத்துப்போகப் பணியாரம் சரிப்படாது. தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வாங்குங்கள், எத்தனை தூர ரயிலானாலும் தாங்கும்.

வணக்கம்.