ரேஸ் காரில் ஏன் கோல்ஃப் பந்து மாதிரி குழி போடுவதில்லை?

"கோல்ஃப் பந்தில் குழி இருப்பதால்தான் அது அவ்வளவு தூரம் போகிறது என்று சொன்னீர்களே, அப்படியென்றால் ஃபார்முலா ஒன் காரிலும் குழி போடலாமே?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். ரெண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அருமையான கேள்வி.

நான் எப்போதும் சொல்வதுதான்: காற்று எங்கே உரசுகிறது என்பதை விட, எங்கே பரப்பை விட்டுப் பிரிகிறது என்று பாருங்கள். வழவழப்பான பந்தில் பாதி வழியிலேயே காற்று பிரிந்துவிடும். பந்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, அது பந்தைப் பின்னுக்கு இழுக்கும். குழிகள் பந்தை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கைக் கலக்கிவிடுகின்றன. மேலே வேகமாக ஓடும் காற்று கீழே இறங்கிக் கலக்கிறது. அந்த வலுவில் அடுக்கு இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே போகிறது. புதுக் கிரிக்கெட் பந்தில் சாய்த்துப் பிடித்த தையல் செய்வதும் இதே வேலைதான். தையல் இருக்கும் பக்கம் காற்று தாமதமாகப் பிரியும், பந்து ஸ்விங் ஆகும்.

சரி, காருக்கு வருவோம். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், 300 கிலோமீட்டர் வேகம். வேகமும் நீளமும் கூடக் கூட ஏறும் ஓர் எண் உண்டு, ரெனால்ட்ஸ் எண் என்பார்கள்; அது பெரிதாக இருந்தால் காற்று எளிதில் கலங்கும். அது பந்துக்குச் சில லட்சம் என்றால் காருக்குக் கோடிக்கணக்கில் வரும். காற்றடுக்கு மூக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தானாகக் கலங்கிவிடும். கலங்கியதை இன்னொரு முறை கலக்குவானேன்? உராய்வுதான் கூடும்.

ஆனால் பிரியும் இடம் தெரிந்தால், அங்கே மட்டும் கை வைக்கலாம். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் காரில் கூரை முடிகிற விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னத் துடுப்புகள் வைத்தார்கள். பின்கண்ணாடிச் சரிவில் காற்று பிரியப் பார்க்கும் இடத்துக்குச் சற்று முன்னால், அவ்வளவுதான்.

அப்புறம், பிரியும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நீங்கள் இதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்! பாரஃபின் மாதிரி எண்ணெயில் ஒளிரும் பொடியைக் குழைத்து, பயிற்சி ஓட்டத்துக்கு முன் காரில் பூசுவார்கள். திரும்பி வந்ததும் பாருங்கள்: காற்று ஒட்டி ஓடிய இடத்தில் சீப்பால் வாரியது போல மெல்லிய பச்சைக் கோடுகள், பிரிந்த இடத்தில் கோடு கலைந்து திட்டாகத் தேங்கி நிற்கும். அடுத்த முறை அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் பின் இறக்கையின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். அழுத்தம் குறைந்து காற்று பிரியப் பார்ப்பது அங்கேதான்.