குழந்தை பிறந்த பிறகுதான் காதல்!

(பட்டிமன்றத் தலைப்பு: கிறிஸ்தவ நாவல்களில் வாசகரைக் கட்டிப்போடுவது காதலா, குடும்பமா, வரலாறா? குடும்ப அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கு வணக்கம். அவையோருக்கு வணக்கம். எதிரணி ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வணக்கம், நேரம் கம்மி.

காதல் அணியில முதல்ல பேசின தம்பி எங்களை ஒரு போடு போட்டுட்டு உட்கார்ந்தாரு. "குடும்ப அணி தூக்கிப் பிடிக்கிற நாவல்ல, கதாநாயகன் காதலைச் சொல்றதுக்குள்ள கதாநாயகிக்குக் குழந்தையே பிறந்துடும்"னாரு. நீங்களும் கைதட்டினீங்க. நடுவரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு, நான் பார்த்தேன்.

தம்பி, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பிறந்துடும்! புத்தகத்தோட பேரை மட்டும் முழுங்கிட்டீங்க, அதை நான் சொல்றேன். ஜேனட் ஓக் எழுதின 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'. 1979ல வந்தது. தலைப்பிலேயே 'லவ்' இருக்கு, அதனால அது தன் பக்கம்னு தம்பி நினைச்சுட்டாரு. அட்டையைப் பார்த்தா அப்படித்தான் தோணும். கொஞ்சம் உள்ளே போவோமா?

மார்ட்டின்னு ஒரு சின்னப் பொண்ணு. புருஷன் கிளெம்மோட வண்டி கட்டிக்கிட்டு அமெரிக்காவோட மேற்குப் பக்கம் நிலம் தேடி வர்றா. வந்த இடத்துல விபத்து, புருஷன் போயிட்டான். சொந்தம் பந்தம் பக்கத்துல யாரும் கிடையாது. வயித்துல பிள்ளை, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முன்னால குளிர்காலம் நிக்குது. அடக்கம் முடியுது. முடிஞ்ச கையோட கிளார்க் டேவிஸ்னு ஒருத்தன் வந்து நின்னு, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"ங்கிறான்.

எப்போ? புருஷனைப் புதைச்ச அன்னைக்கே! காதல் அணித் தம்பி, இப்படி ஒரு காதல் காட்சியை நீங்க எழுதுவீங்களா? ரோஜாப்பூ இல்ல, நிலா இல்ல. அவ மனசுக்குள்ள அவனைத் திட்டித் தீர்க்கிறா.

ஏன் இவ்வளவு அவசரம்? சொன்னா சிரிப்பீங்க. அந்தப் பக்கம் போதகர் ஊர் ஊரா சுத்தி வர்றவரு. அன்னைக்குக் கிளம்பினா இனி குளிர்காலம் கழிஞ்சுதான் திரும்புவாரு. அதனால அடக்கத்துக்கு வந்தவரே கல்யாணத்தையும் முடிச்சு வெச்சுட்டுக் கிளம்புறாரு. ஒரே போதகர், ஒரே நாள், ரெண்டு ஆராதனை!

கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்குப் போறாங்க. அவளுக்கு வீட்டுக்குள்ள படுக்கை, அவன் வெளிப்பக்கம் இழுத்துக் கட்டின சாய்ப்புல படுத்துக்கிறான். அப்புறம் என்னதான்யா வேணும் அவனுக்கு? அவன் வீட்டுல மிஸ்ஸின்னு ஒரு பிள்ளை. தாயில்லாத பிள்ளை, ரெண்டு வயசுகூட நிறையல. அதுக்கு ஒரு அம்மா வேணும். அவ்வளவுதான் விஷயம். பொண்டாட்டி கேட்டு வரல அவன், அம்மா கேட்டு வந்தான்!

இன்னொண்ணு சொல்றேன், நடுவர் இதைக் குறிச்சுக்கணும். வசந்தம் வந்ததும் உனக்குப் பிடிக்கலைன்னா ஊருக்குத் திரும்பிப் போ, பயணச் செலவு நான் தர்றேன்ங்கிறான். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. போகும்போது மிஸ்ஸியையும் கூட்டிக்கிட்டுப் போகணும். கேட்டீங்களா? பெத்த அப்பன், "என்னை விட்டுட்டுப் போ, என் பிள்ளையை விட்டுட்டுப் போகாதே"ங்கிறான். அவனுக்கு மிச்சம் என்ன? காலி வீடு! இதுக்குக் காதல்னு பேர் வெச்சா, அப்போ குடும்பத்துக்கு என்ன பேர் வைப்பீங்க?

குளிர்காலத்துல மார்ட்டிக்குக் குழந்தை பிறக்குது. அது செத்துப்போன கிளெம்மோட குழந்தை. அதையும் கிளார்க் தன் பிள்ளையாத்தான் தூக்குறான். காதல் எப்போ வருது? கடைசி அத்தியாயத்துல. ஆக தம்பி, நீங்க கிண்டல் பண்ணலை, எங்களுக்குச் சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கீங்க. ரொம்ப நன்றி.

படத்தை மட்டும் பார்த்துட்டு இங்கே தலையாட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2003ல வந்த படத்துல மிஸ்ஸி வாயாடுற அளவுக்கு வளர்ந்த பொண்ணு. புத்தகத்துல கைக்குழந்தையைக் கொஞ்சம் தாண்டினவ. நாவலோட பாரமே அங்கேதான் இருக்கு, அதனால புத்தகத்துலயே தொடங்குங்க. மொத்தம் எட்டு பாகம், வரிசை மாத்தாதீங்க. மூணாவது பாகத்துல மிஸ்ஸி கல்யாணமாகி வண்டியேறி வீட்டை விட்டுத் தூரமா போறா. முதல் பாகம் படிக்காம அங்கே நுழைஞ்சா யாரோ ஒரு பொண்ணு ஊருக்குப் போற மாதிரிதான் இருக்கும். முதல்ல இருந்து வந்தவங்களுக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டுறதே கஷ்டம்.

சரி, காதல் அணியோட பெரிய பீரங்கிக்கு வர்றேன். ஃபிரான்சின் ரிவர்ஸோட 'ரிடீமிங் லவ்'. 1991. துரோகம் பண்ணின மனைவியைத் திரும்ப ஏத்துக்கிட்ட பைபிள் தீர்க்கதரிசி ஓசியாவோட கதையை 1850 கலிஃபோர்னியாவுல, தங்கம் தேடி ஓடின கூட்டத்துக்கு நடுவுல வெச்ச நாவல். கதாநாயகன் மைக்கேல், கதாநாயகி ஏஞ்சல்னு உருகினாங்க. உருகட்டும். ஏஞ்சலோட காயம் எங்கே ஆரம்பிக்குது? தன்னை வேண்டாம்னு சொன்ன அப்பாகிட்ட. கடைசியா அவ மைக்கேலை விட்டு ஏன் போறா? தன்னால பிள்ளை பெத்துக் கொடுக்க முடியாது, அவன் குடும்பத்தோட வாழணும்னுதானே போறா? இதை மட்டும் தம்பி தாண்டிப் போயிட்டாரு. வாங்குறவங்க கவனத்துக்கு: கிறிஸ்தவ வாசகர்களுக்காக ஆசிரியரே திருத்தின பதிப்பு 1997ல வந்தது, அதைத் தேடிப் பிடிங்க. அதுலயும் சின்ன வயசுப் பொண்ணை விக்கிற கொடுமை எல்லாம் உண்டு. பெரியவங்க ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் பிள்ளைங்க கையில கொடுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

வரலாற்று அணி 'குவோ வாடிஸ்' பத்திப் பேசினாங்க. ரோமப் பேரரசன் நீரோவோட அரங்கம், காளை மேல கட்டி வெச்ச கதாநாயகி லிஜியா, வெறுங்கையால அந்தக் காளையை மடக்குற அவளோட காவலாள் உர்சுஸ். நல்ல புத்தகம், அதுல எனக்குப் பங்கு வேண்டாம். அது காதலா வரலாறான்னு அவங்க ரெண்டு அணியும் அடிச்சுக்கட்டும்.

ஆனா 'பென்-ஹர்'ரை விட மாட்டேன். 1880ல லூ வாலஸ் எழுதினது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தளபதியா இருந்தவரு, இந்த நாவலை முடிச்சப்போ நியூ மெக்சிகோ ஆளுநர். வரலாற்று அணி அக்கா அந்த ரதப் பந்தயத்தை எவ்வளவு அழகா ஓட்டினாங்க! நண்பனா இருந்து பகையாளியான மெஸ்ஸாலா விழுந்தான், கதாநாயகன் ஜூடா ஜெயிச்சான், அக்கா உட்கார்ந்துட்டாங்க.

அக்கா, அந்த நாவல் எட்டு பாகம். பந்தயம் அஞ்சாவது பாகத்துலயே முடிஞ்சுடுது. பகையைத் தீர்த்தாச்சு, பணமும் இருக்கு. அப்புறமும் அவன் எதைத் தேடி அலையுறான்? அம்மாவையும் தங்கச்சியையும்!

கூரையில இருந்து ஒரு ஓடு தவறி ரோம அதிகாரி தலையில விழுந்துச்சு, அந்த ஒரே குத்தத்துக்கு அவன் கப்பல்ல துடுப்பு வலிக்கப் போனான். அம்மாவும் தங்கச்சி திர்சாவும் எட்டு வருஷம் பாதாளச் சிறையில. வெளியே விடும்போது ரெண்டு பேருக்கும் குஷ்டம். ராத்திரியோட ராத்திரியா சொந்த வீட்டு வாசலுக்கு வர்றாங்க. வாசப்படியில யாரோ படுத்துத் தூங்குறான். கிட்டப் போய்ப் பார்த்தா, மகன்!

எழுப்பலாமா? கூடாது. தொட்டா அவனுக்கும் ஒட்டிக்கும். எட்டு வருஷமா பார்க்காத பிள்ளை கையெட்டுற தூரத்துல கிடக்கான், நெத்தியில ஒரு முத்தம் கொடுக்க முடியல. அந்தத் தாய் மண்ணுல தவழ்ந்து போய், தெருப் புழுதி படிஞ்ச அவன் செருப்போட அடிப்பக்கத்துல வாயை வெச்சு முத்தம் கொடுக்கிறா. அவன் தூக்கத்துல "அம்மா"ன்னு முனகுறான். பதில் சொல்லாம பின்னால நகர்ந்து போறா.

நடுவர் அவர்களே, எனக்கு இதுக்கு மேல வாதம் தெரியல. இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு, பந்தயத்துல எத்தனை குதிரை ஓடுச்சுன்னு யாராவது எண்ணிக்கிட்டு இருப்பாங்களா? பெத்தவளை ஒரு தடவை கையால தொட்டுப் பார்க்கணும்னு ஏங்கினவங்க இந்த அவையில இருக்கீங்க. உங்களைக் கேட்கிறேன், அழுதீங்களா இல்லையா?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். வரலாற்று அணியில அடுத்து பேச எழுந்திருக்கிற அண்ணன்கிட்ட நடுவர் ஒண்ணே ஒண்ணு கேட்டுடுங்க: 'பென்-ஹர்'ல ஆறாவது பாகம் படிச்சாரா, இல்ல பந்தயம் முடிஞ்சதும் புத்தகத்தை மூடிட்டாரா?